கூரை, அடுப்பு, கிணறு, மீட்டர்: சித்தன்னவாசல் வட்டாரத்து வீடுகளின் ஆற்றல் கணக்கு

வீட்டில் மின்சாரத்தைச் சேமிக்க என்று பத்திரிகைகளில் வரும் யோசனைகளைப் படித்தால், தமிழ்நாட்டில் எல்லார் வீட்டிலும் ஏசி ஓடுகிறது, வாட்டர் ஹீட்டர் கொதிக்கிறது என்றே எண்ணத் தோன்றும். ஏசியை 24 டிகிரியில் வையுங்கள். ஹீட்டரைக் குளிக்கப் போகும்போது மட்டும் போடுங்கள். சார்ஜரைப் பிளக்கிலிருந்து கழற்றுங்கள். யோசனைகளில் தவறில்லை, முகவரிதான் தவறு. புதுக்கோட்டையிலிருந்து வடமேற்கே பதினாறு கிலோமீட்டர் வந்து சித்தன்னவாசலில் இறங்கி, ஓவியம் பார்க்கக் குன்றின் பக்கம் போகாமல் ஊர்ப்பக்கம் நடந்தால், அவற்றில் முக்கால்வாசிக்கு அங்கே வேலை கிடையாது.

அன்னவாசல் வட்டாரத்தில் பரவலாகக் காணக்கூடிய வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். காங்கிரீட் தளமோ சிமெண்ட் ஷீட்டோ போட்ட முந்நூறு, நானூறு சதுர அடி. இரண்டு ஃபேன், நாலு பல்பு, ஒரு டிவி, பெரும்பாலும் ஒரு ஃபிரிட்ஜ். உள்ளே கேஸ் அடுப்பு, கொல்லையில் விறகடுப்பு. இந்த வீட்டில் ஆற்றல் எங்கே போகிறது, எதைக் குறைத்தால் யாருக்கு மிச்சம், பசுமை என்று சொல்லப்படுவதில் எது கணக்குக்கு நிற்கும் என்று பார்ப்பதே இங்கே நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கூரை முதலில், அடுத்தது அடுப்பு, அதன்பின் தண்ணீர். சுவிட்சைப் பற்றிய பேச்சு கடைசியில் வந்தால் போதும்.

தலைக்கு மேல் இருப்பது

சித்தன்னவாசல் ஏறத்தாழ பத்தரை பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் பிற்பகுதியிலும் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வந்துவிடும். இடையில் உள்ள மாதங்களிலும் உச்சியைவிட்டு அதிகம் விலகுவதில்லை. குளிர்நாட்டுக் கட்டடக்கலை நூல்கள் சுவருக்கும் ஜன்னலுக்கும் கொடுக்கும் கவனமெல்லாம் இந்த ஊரில் கூரைக்குப் போய்ச் சேர வேண்டும். மாடி இல்லாத ஒற்றைத் தள வீட்டுக்குள் கோடையில் வரும் வெப்பத்தில் பெரும்பங்கு மேலிருந்துதான் இறங்குகிறது.

நாலைந்து அங்குலக் காங்கிரீட் தளம் வெயிலை உடனே உள்ளே விடாது. வாங்கி வைத்துக்கொண்டு, சில மணி நேரம் தாமதித்து, மெல்ல இறக்கும். பகல் இரண்டு மணிக்கு மேலே ஏறிய சூடு, விளக்கு வைக்கிற நேரத்தில் கீழே வந்து சேர்கிறது. அதற்குள் வெளியே காற்று ஆறியிருக்கும். சித்திரை மாதத்தில் இரவு எட்டு மணிக்கு ஒரு நாற்காலியில் ஏறி நின்று தளத்தின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்: இறக்கிவைத்து ஆறிக்கொண்டிருக்கும் சோற்றுப் பானையைத் தொட்ட மாதிரி இருக்கும். அதற்கு ஒரு முழம் கீழே சுற்றுகிற ஃபேன், அந்தச் சூட்டைத்தான் படுத்திருப்பவர் மேல் தள்ளுகிறது. ஆகவே ஃபேன் விடியவிடிய ஓடுகிறது. வசதி கொஞ்சம் கூடினால் ஏசி வருகிறது. சிமெண்ட் ஷீட் இதற்கு நேர்மாறு. தாமதமே கிடையாது, பகலில் உள்ளே உட்கார முடியாது, இரவில் சீக்கிரம் ஆறிவிடும். எது மேல் என்று கேட்டால், பகலில் வேலைக்குப் போகிறவர் ஒன்று சொல்வார், பகலெல்லாம் வீட்டில் இருக்கும் கிழவி வேறு சொல்வாள்.

குன்றின் மேல் ஏழடிப்பட்டம் என்ற குகையில் மழமழவென்று இழைத்த பதினேழு கற்படுக்கைகள் இருக்கின்றன. ஒன்றில் கி.மு. முதல் நூற்றாண்டளவில் பொறித்த தமிழி எழுத்து. அங்கே தங்கிய சமணத் துறவிகள் சொகுசு தேடிப் போனவர்கள் அல்லர். ஆனாலும் கூரை விஷயத்தில் நம்மைவிடக் கொடுத்துவைத்தவர்கள். அத்தனை கனமான பாறையின் மேல் அடிக்கிற வெயிலை, உள்ளே படுத்திருப்பவர் அன்றைக்கு உணர மாட்டார். அந்தக் கனத்தை நாம் வீட்டின் மேல் ஏற்ற முடியாது. மாவட்டத்தின் தென்பகுதியில் இராயவரம், இராமச்சந்திரபுரம் போன்ற ஊர்களின் நகரத்தார் வீடுகள் அதற்கு அருகில் வந்தன: தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, சூட்டை மேலே அனுப்ப உயர்ந்த விட்டம், காற்றை இழுக்க நடுவில் வளவு. அந்த வீடுகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது வழக்கமாகிவிட்டது. பர்மா தேக்கும் ரங்கூன் பணமும் சேர்ந்து கட்டியவற்றை முந்நூறு சதுர அடிக்காரருக்கு முன்மாதிரியாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அந்த முந்நூறு சதுர அடிக்கு ஓர் அரசாங்க வரலாறு உண்டு. 2011இல் தமிழக அரசு சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 வீடுகள், ஒவ்வொன்றும் 300 சதுர அடி, செலவு 1.80 லட்சம் ரூபாய். கூடவே மழைநீர்ச் சேகரிப்பு, சூரிய மின்சாரத்தில் எரியும் ஐந்து சி.எஃப்.எல். விளக்குகள். ஏழைக்கு நிரந்தர வீடு என்ற வகையில் அது பெரிய காரியம், குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் ஆற்றல் கணக்கில் ஒரு விசித்திரம் இருக்கிறது. வெயிலைப் பிடித்து விளக்கெரிக்க வழி செய்தவர்கள், அதே வெயில் தளத்தின் வழியே படுக்கைக்கு இறங்குவதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஐந்து சி.எஃப்.எல். விளக்கு இரவில் தின்கிற மின்சாரத்தைவிட, அந்தத் தளத்தின் சூட்டை விரட்ட ஓடும் ஒரே ஒரு ஃபேன் அதிகம் தின்னும்.

தளத்தைக் குளிரவைக்க மலிவான வழி, பழைய வழி: வெள்ளை. அழுக்கேறிய காங்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். நன்றாக வெள்ளையடித்த தளம் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தளத்தின் மேற்பரப்பில் பத்து டிகிரிக்கும் மேலாகவும் அறைக்குள் சில டிகிரியும் குறைவதை இந்தியாவிலேயே பல நகரங்களில் அளந்து பார்த்திருக்கிறார்கள். கடையில் விற்கும் குளிர்பூச்சுகள்தான் வேண்டும் என்றில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பையோ கல் சுண்ணாம்பையோ நீற்றி, ஓர் இரவு ஊறவிட்டு, வடிகட்டி, பிடிப்புக்குக் கொஞ்சம் பசை சேர்த்துத் தென்னை மட்டைத் தூரிகையால் இரண்டு கை அடித்தால் போதும். முன்னதாகத் தளத்தை நன்றாகக் கூட்டிக் கழுவ வேண்டும். பாசி இருந்தால் உரிந்துவரும். ஐப்பசி மழை பாதியைக் கரைத்துவிடும் என்பதால் இது ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை. மழைநீரைத் தொட்டியில் பிடிப்பவர்கள் முதல் இரண்டு மழையை வெளியே விட்டுவிட வேண்டும்.

சுண்ணாம்பின் உழைப்பைப் பற்றி இந்த ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. குன்றைக் குடைந்த அறிவர்கோவிலின் விதானத்தில் மீனும் அன்னமும் யானையும் எருமையும் பூப்பறிப்பவர்களுமாக இருக்கும் தாமரைக் குளம், சுண்ணாம்புக் காரையின் மேல்தான் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நிற்கிறது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோவிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. மழை பொய்க்கிற நாட்டில் கூரை முழுக்கக் குளத்தை வரைந்துவைத்தார்கள் என்பதைச் சமணத் தத்துவத்தைத் தாண்டியும் நான் ரசிப்பதுண்டு.

வெள்ளைக்கு அடுத்தது நிழல். தளத்துக்கு மேல் நாலடி உயரத்தில் கீற்றுப் பந்தல், அல்லது பச்சை நிழல்வலை. கொல்லையில் ஊன்றிய சுரையையோ பீர்க்கையோ கயிற்றில் ஏற்றிவிட்டால் காயும் ஆயிற்று, நிழலும் ஆயிற்று. ஷீட் வீட்டுக்கு இதைவிடச் சிறந்த வைத்தியம் இல்லை. மேற்குச் சுவர்ப்பக்கம் ஒரு வேம்போ புங்கோ இருந்தால் பிற்பகல் வெயில் சுவரைத் தொடாது. எதிரெதிர் ஜன்னல் வைத்துவிட்டு ஒன்றின் குறுக்கே பீரோவை நிறுத்திய வீடுகளில், பீரோவை நகர்த்துவதே பெரிய சீர்திருத்தம்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி நடுவே இடைவெளி விடுகிறார்கள். கல் கால்பங்கு மிச்சமாகிறது, நடுவில் நிற்கும் காற்று சூட்டைத் தடுக்கிறது. ஆரோவில் மண் நிறுவனம் 1989 முதல் சுடாத, அழுத்திய மண்கட்டிகளைக் கொண்டு கட்டிக் காட்டிவருகிறது. உலகத்தின் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமெண்ட் ஆலைகளிலிருந்து வருகிறது என்பதால் இவையெல்லாம் முக்கியம்தான். கொத்தனாருக்குப் பழக்கம் இருந்தால்தான் நடக்கும் என்பது வேறு விஷயம். சுண்ணாம்புத் தளத்தின் மேல் தட்டோடு பதிக்கத் தெரிந்த கை இந்த வட்டாரத்தில் ஒரு தலைமுறைக்கு முன்பு தாராளமாகக் கிடைத்தது. இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கொல்லையில் ஒன்று, உள்ளே ஒன்று

கிராமத்து வீட்டில் ஆற்றலை அதிகம் தின்பது அடுப்பு. பலரும் மின்சாரத்தோடு பேச்சை முடித்துக்கொள்வதால் இது கண்ணில் படுவதில்லை. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒரு சிலிண்டர் தீர்க்கும் வீடு, மின்மீட்டரில் காட்டுவதைவிட அதிகமான ஆற்றலை அடுப்பில் எரிக்கிறது.

2007இல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு இணைப்பும் அடுப்பும் கொடுக்கத் தொடங்கியது. 2016 மே மாதம் மத்திய அரசின் உஜ்வலா எரிவாயு இணைப்புத் திட்டம் வந்தது. ஆனாலும் கொல்லை அடுப்பு அணையவில்லை. குளிக்க வெந்நீர், நெல் அவிக்க, கறி வேக, விசேஷத்துக்கு என்று அதற்கு வேலை இருந்துகொண்டே இருக்கிறது. சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம் வேலை கூடுகிறது. விறகுக்குப் பஞ்சமில்லை: எந்தக் கண்மாய்க்கரையிலும் சீமைக்கருவேலம். பற்றவைக்கத் தைலமரச் சருகு. மாவட்டத்தின் காடுகளில் தைலமரம் நட்டதால் நிலத்தடி நீர் போயிற்று என்று ஊர்கள் ஆண்டுக்கணக்காகச் சண்டை பிடிக்கின்றன, சருகு மட்டும் அடுப்புக்கு வந்துவிடுகிறது.

விறகு என்றாலே சூழலுக்குக் கேடு என்று தள்ளிவிட முடியாது. வெட்ட வெட்டத் தழைக்கிற சீமைக்கருவேலத்தை எரிப்பதால் காற்றில் சேரும் கரியை, மறுபடி தழைக்கும் செடி இழுத்துக்கொள்கிறது. கேடு புகையில் இருக்கிறது. அது பெண்ணின் நுரையீரலுக்கும் மடியில் இருக்கும் குழந்தைக்கும் போகிறது. மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் பத்துப் பதினைந்து சதவீதம்தான் பாத்திரத்துக்குச் சேர்கிறது. 1980களில் மத்திய அரசு புகையில்லா அடுப்பை நாடு முழுக்கக் கொண்டுபோனது. இலக்கை எட்டக் கட்டிய அடுப்புகள் ஏராளம், புகைபோக்கி அடைத்துப்போய் இடித்துத் தள்ளியவையும் ஏராளம். அதில் கற்க வேண்டியது எளிது. விறகை ஒரு மாதமாவது காயவிட்டு, மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, அடுப்பைக் காற்றோட்டமான இடத்தில் வைத்து, புகைபோக்கியை மாதம் ஒருமுறை குத்திவிட்டால் பாதிப் புகை போய்விடும். பச்சை விறகின் எடையில் பாதி தண்ணீர். அதை ஆவியாக்கிய பிறகுதான் சோறு கொதிக்கும்.

இண்டக்‌ஷன் அடுப்பைப் பற்றி இப்போது நிறையப் பேச்சு. கணக்குப் போட்டுப் பார்த்தால் பதில் சற்றுச் சங்கடமானது. கேஸ் அடுப்பில் அறுபது சதவீத வெப்பம் பாத்திரத்துக்குப் போகிறது என்றால், ஒரு சிலிண்டர் செய்யும் வேலைக்கு இண்டக்‌ஷனில் சுமார் 127 யூனிட் போதும். யூனிட் நாலரை ரூபாய் என்றாலும் அறுநூறு ரூபாய்க்குள் முடியும். இலவச யூனிட்டில் மிச்சம் இருக்கும் வீட்டில் ஒரு வேளைச் சோறும் காலைக் காபியும் காசில்லாமல் ஆகும். பைக்கு லாபம். காற்றுக்கு? சிலிண்டரை எரித்தால் 42 கிலோ கரியமில வாயு. நம் மின்கட்டமைப்பில் இன்றும் நிலக்கரியே பெரும்பங்கு என்பதால் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் வருகிறது. 127 யூனிட்டுக்கு 90 கிலோ. அதாவது இருமடங்கு. இண்டக்‌ஷனைப் பசுமை அடுப்பு என்று இன்றைக்குச் சொல்வது பொய். தளத்தில் சூரியத் தகடு போட்டுப் பகலில் சமைக்கும் வீட்டில்தான் அது மெய்யாகிறது. கட்டமைப்பில் காற்றும் வெயிலும் கூடக்கூட மற்ற வீடுகளுக்கும் மெய்யாகும்.

கேஸ் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை இந்த மாவட்டம் ஒருமுறை நேருக்கு நேர் சந்தித்தது. 2017 பிப்ரவரியில் ஆலங்குடி பக்கம் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எடுக்க மத்திய அரசு அனுமதி கொடுத்ததும் ஊரே திரண்டு உட்கார்ந்தது. 2020இல் தமிழக அரசு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களும் சேர்ந்தன. உங்கள் வீட்டிலும் கேஸ் அடுப்புதானே எரிகிறது என்று அப்போது போராட்டக்காரர்களைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. மலிவான கிண்டல் அது. ஆனால் அதற்குள் ஒரு நல்ல கேள்வி ஒளிந்திருக்கிறது: நிலத்தைத் தோண்டாமல் கிடைக்கும் எரிவாயு இந்த ஊரில் எவ்வளவு?

சாண எரிவாயுவைக் கணக்கிடலாம். ஒரு மாடு நாளைக்குப் பத்துக் கிலோ சாணம் போடும். 25 கிலோ சாணத்தில் ஒரு கனமீட்டர் வாயு. அது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான சிலிண்டர் கேஸுக்குச் சமம். நாலு மாடு இருந்தால் மூன்று வாரத்தில் ஒரு சிலிண்டர் அளவு வாயு கொல்லையிலேயே ஊறும். வெளியேறும் கழிவு வயலுக்கு உரம். ஆனாலும் இந்தக் கலன்கள் பல ஊர்களில் பாழடைந்துதான் கிடக்கின்றன. சாணத்தின் அளவுக்குத் தண்ணீர் கரைக்க வேண்டும், கோடையில் அது கிடையாது. நாலு மாடு வைத்திருந்த வீட்டில் இன்று நாலு ஆடு. ஜல்லிக்கட்டுக் காளைக்குக் குறைவில்லாத மாவட்டம்தான். அந்தக் காளைக்குக் கிடைக்கிற பராமரிப்பில் பாதி சாணக்கலனுக்குக் கிடைத்திருந்தால் கதையே வேறு. நாலு மாட்டுக்குக் குறைவாக இருப்பவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எல்லா வீட்டுக்கும் பொருந்துவது சமையல் பழக்கம். பருப்பையும் கடலையையும் ஊறவைப்பது, பாத்திரத்துக்கு மூடி போடுவது, கொதி வந்ததும் தீயைக் குறைப்பது, குக்கரைப் பயன்படுத்துவது. குக்கர் ஒன்றே வேகும் நேரத்தையும் எரிபொருளையும் வெகுவாகக் குறைத்துவிடும். ராத்திரி வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி, காலையில் வெங்காயமும் மோர்மிளகாயுமாகச் சாப்பிட்டால் ஒரு வேளை அடுப்பே இல்லை. பழையது சாப்பிடுவது கௌரவக் குறைச்சல் என்று ஆகி, காலையில் இட்லியும் தோசையும் வந்ததில் வீட்டுக்கு ஓர் அடுப்பு நேரம் கூடியது. இப்போது நகரத்து ஓட்டல்களில் அதே பழையதை மண்சட்டியில் விலைக்கு விற்கிறார்கள்.

தஞ்சாவூரில் பிறந்து, கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்து 1960இல் மறைந்த ஜே.சி. குமரப்பா, ஓடுகிற ஆற்றிலிருந்து எடுப்பதையும் தேங்கிய தொட்டியிலிருந்து எடுப்பதையும் பிரித்துப் பார்த்தவர். வெயில், சாணம், விறகு, காற்று முதல் வகை. நிலக்கரி, எண்ணெய் இரண்டாம் வகை. இயற்கைப் பொருளாதாரம் என்று நாம் இன்று பேசுகிறவற்றில் பாதியை 1940களிலேயே எழுதிவிட்டார். 

தண்ணீரில் கரைந்த மின்சாரம்

ஆயிரம் லிட்டர் தண்ணீரை நூறு மீட்டர் ஆழத்திலிருந்து மேலே கொண்டுவர இயற்பியல் கேட்பது கால் யூனிட்டுக்குச் சற்று மேல். நம் நீர்மூழ்கி மோட்டாரும் குழாயும் தின்பதைச் சேர்த்தால் முக்கால் யூனிட்டைத் தாண்டும். நாலு பேர் குடும்பத்துக்கு இது இரண்டு மாதத்தில் பத்து யூனிட் அளவுதான். தனியாகப் பார்த்தால் பெரிதல்ல. ஆனால் ஆழம் இரட்டித்தால் மின்சாரமும் இரட்டிக்கும். கருங்கல் பாறை நாட்டில் ஆழ்துளைக் கிணறு இறங்கிக்கொண்டே போகிறது. 1990 முதல் விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால், அந்த ஆழத்தின் விலை யார் பில்லிலும் தெரிவதில்லை.

இந்த நாட்டின் ஏரி, கண்மாய், ஊருணி வலைப்பின்னல் வேலை செய்தபோது தண்ணீர் மேலேயே நின்றது. கல்வெட்டுகளில் குமிழி என்று பெயர் பெற்ற மதகுகளை ஊர்ப் பெரியவர்களும் தளபதிகளும் கட்டிவைத்தது பல கண்மாய்களில் இன்றும் தெரியும். வரத்துவாரியை அடைத்த ஊரில் எந்த மோட்டாருக்கு எத்தனை ஸ்டார் இருந்தும் பயனில்லை. 2018 கஜா புயலுக்குப் பிறகு பக்கத்துப் பேராவூரணியில் இளைஞர்கள் பெரியகுளத்தைத் தூர்வாரியதை நான் ஆற்றல் சேமிப்புத் திட்டமாகத்தான் பார்க்கிறேன்.

வீட்டளவில் செய்யக்கூடியது, 2003இல் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கிய மழைநீர்ச் சேகரிப்பை ஒழுங்காகப் பராமரிப்பது. ஆண்டுக்கு 850 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால், முந்நூறு சதுர அடித் தளத்தில் பிடிக்கக்கூடியது சுமார் 19,000 லிட்டர். குழாய் இருக்கிறது, குழி இருக்கிறது. குழிக்குள் மணலும் ஜல்லியும் சேறு பிடித்து இறுகியிருக்கும். புரட்டாசியில் அரை நாள் வேலை.

வெள்ளை அட்டையில் உள்ள எண்

இனி மீட்டர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருபவர் வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போகும் எண்ணில்தான் தமிழ்நாட்டு வீட்டின் மின்சாரச் சிக்கனம் தொடங்குகிறது. 2016 மே முதல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட் எரித்தவர் கட்டியது 1,725 ரூபாய். 501 எரித்தவர் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய், ஏனென்றால் 500ஐத் தாண்டியவருக்கு அடிப்படுக்கின் விலையும் மாறிவிடுகிறது. பின்னர் விலைகள் கொஞ்சம் ஏறின, படிக்கட்டு அப்படியே இருக்கிறது. 480, 520 என்று ஊசலாடும் வீட்டுக்காரருக்கு ரீடிங் தேதி தெரிந்திருப்பதே பெரிய சேமிப்பு.

முன்சொன்ன வீட்டில் எது எவ்வளவு தின்கிறது? பழைய ஃபேன் 75 வாட். நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். இரண்டு ஃபேனுக்கு 108. இலவசம் அங்கேயே தீர்ந்தது. பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த ஃபேன் அதே காற்றுக்கு 30 வாட்டில் முடித்துவிடும்; ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம். பல்பில் சேமிக்க இனி அதிகம் இல்லை. குண்டு பல்பும் பழைய சோக்கு டியூப்லைட்டும் எங்காவது மிச்சமிருந்தால் எல்.இ.டி. போட்டுவிட வேண்டியதுதான். ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து நாலு விரல்கடை தள்ளி, அடுப்புக்கும் மேற்குச் சுவருக்கும் தூரமாக வைப்பது. கதவின் ரப்பரில் ஒரு ரூபாய் நோட்டைச் செருகி இழுத்துப் பார்ப்பது, தடையில்லாமல் வந்தால் ரப்பரை மாற்றுவது. டிவியை ரிமோட்டில் அணைத்தாலும் செட்டாப் பாக்ஸ் விழித்துக்கொண்டிருக்கிறது. சுவிட்சில் அணைத்தால் இரண்டு மாதத்தில் பத்து யூனிட் அளவுக்கு மிச்சமாகலாம். செல்போன் சார்ஜரைக் கழற்றுவது மனத்திருப்திக்கு.

பி.எல்.டி.சி. ஃபேன் விலை சாதாரண ஃபேனைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. யூனிட்டுக்கு நாலரை ரூபாயாவது கொடுக்கும் வீட்டில் இரண்டாண்டுக்குள் அந்தக் கூடுதல் காசு திரும்பிவிடும். 100 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டில் ஒரு பைசாகூடத் திரும்பாது. இலவச மின்சாரத்தை எதிர்ப்பவன் அல்ல நான். ஆனால் அதன் உள்கணக்கு இதுதான்: மிச்சம் பிடிப்பது ஏழை, லாபம் மின்வாரியத்துக்கு. அப்படியானால் ஃபேனுக்கான காசையும் அரசுதான் போட வேண்டும். 2011இல் மிக்சியும் கிரைண்டரும் ஃபேனும் வீடுவீடாகக் கொடுத்த மாநிலத்துக்கு இது புதிய வேலையும் அல்ல. பழைய 75 வாட் ஃபேனை இப்போது வாங்கிக்கொண்டு புதியது கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு நூற்றுத் தொண்ணூறு யூனிட் வாரியத்துக்கு மிச்சம்.

தகடு யாருக்கு

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். இந்த வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளைக்கு நாலு யூனிட் கொடுக்கும், இரண்டு மாதத்துக்கு 240. ஐந்நூறைத் தாண்டும் புதுக்கோட்டை நகரத்து மாடிவீட்டுக்கு இது தெளிவான லாபம். நூற்றைம்பது யூனிட் எரிக்கும் சித்தன்னவாசல் வீட்டுக்கு, மானியம் போகக் கைக்காசு போடுவதற்குக் காரணமே இல்லை. இன்னொன்றையும் விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள்: கட்டமைப்போடு இணைத்த தகடு, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், பேட்டரி தனியாக வைத்தால்தான் எரியும். 2018 நவம்பர் 16இல் கஜா அடித்து மின்கம்பங்கள் சாய்ந்தபோது இந்த மாவட்டத்தில் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படியொரு நாளுக்கு மூன்று கிலோவாட் தகட்டைவிடச் சின்னதொரு சூரிய விளக்கு மேல்.

தகடும் காற்றாலையும் ஊராட்சிக்குப் பொருந்துகின்றன. கோயம்புத்தூர் மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி, ஆர். சண்முகம் தலைவராக இருந்தபோது, 2006இல் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கட்டிய மின்கட்டணம்தான் அவர்களை அதற்குத் தள்ளியது. மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றார்கள். புதுக்கோட்டையில் அந்தக் காற்று கிடையாது, வெயில் உண்டு. மேல்நிலைத் தொட்டிக்குப் பகலில் ஏற்றும் மோட்டாருக்குச் சூரிய மின்சாரம் போல் பொருந்துவது வேறில்லை, தொட்டியே பேட்டரி.

வீட்டுக்குத் திரும்பினால், இன்றைய நிலையில் தகட்டுக்கு மானியம் இருக்கிறது, சிலிண்டருக்கு இருக்கிறது, மின்சாரத்துக்கு இருக்கிறது, கூரைக்கு இல்லை. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். அதில் 300 சதுர அடி காங்கிரீட் தளமாகவே இருக்க வேண்டும். குடிசையை ஒழிக்க வேண்டும் என்பதால் அந்த நிபந்தனை. அந்த மதிப்பீட்டுப் பட்டியலில் தளத்துக்கு மேல் வெள்ளை ஓடோ தட்டோடோ பதிக்க ஓர் இனம் சேர்த்தால், அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அந்த வீட்டு ஃபேனின் வேலை குறையும். அதுவரை, முந்நூறு சதுர அடிக்குச் சில நூறு ரூபாய்ச் சுண்ணாம்பு போதும். பங்குனி பிறந்ததும் அடித்துவிட்டால், சித்திரையில் சூரியன் உச்சிக்கு வரும்போது காய்ந்து தயாராக இருக்கும்.